முதல் பந்தி, நடு நாற்காலி

அந்த ஸ்பெயின்காரியை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது அவளுடைய இடது கை நரம்பு. ஆக்லாந்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. நரம்பு கிடைத்துவிட்டால் எனக்கு மனிதர்களோடு அதிகம் பேச்சு வேண்டியதில்லை. ஆனால் அவள் குழாயில் ஏறும் ரத்தத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பு எனக்கு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஒரு குழாய் கூடுதலாக எடுத்துத் தருவீர்களா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். எந்த விதியின்படி என்றாள். என் விதியின்படி என்றேன். அன்றைக்கே எங்களுக்குள் சிநேகம் ஆகிவிட்டது. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம். அவளுக்கும் அது இரவல், எனக்கும் இரவல். அதனால் இருவருக்கும் கூச்சமில்லை.

அவள் ஓவியம் படித்தவள், இப்போது படமெடுப்பவள். சில மாதங்கள் இங்கே தங்கி வேலை செய்ய அழைத்திருந்தார்கள். உலகத்துக்கே தெரிந்த பழைய ஓவியங்களை எடுத்துக்கொண்டு, இந்த ஊர் ஆட்களை வைத்து அவற்றை மறுபடி நிகழ்த்திப் படம் பிடிப்பதுதான் அவள் வேலை. முதலில் கேட்டபோது மாறுவேடப் போட்டி நடத்துகிறவள் என்றே நினைத்தேன். கைபேசியில் படங்களைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். காதில் முத்து தொங்க, தலையில் துணி சுற்றித் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் இடத்தில், பென்ரோஸ் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒரு பெண். முத்து இருந்த இடத்தில் மஞ்சள் காதடைப்பான். பாலத்தில் நின்று கன்னத்தில் கைவைத்து அலறுகிற ஆள், மனுரேவா ரயில் நடைமேடையில் நின்று அலறுகிறார். அவருக்கு நடிக்கச் சொல்லித் தரவே இல்லையாம். ரயில் ரத்து என்று அறிவிப்பு வந்ததும் எடுத்ததாம். கடலிலிருந்து சிப்பியில் நின்றபடி வரும் அழகிக்குப் பதிலாக, பிளாட் புஷ்ஷில் ஒரு வீட்டுக் குளியல் தொட்டியில், இடுப்பில் துண்டோடு ஒரு குடும்பத் தலைவர்.

"துண்டு என் யோசனை இல்லை. அவர் மனைவி கொண்டுவந்து கட்டிவிட்டாள்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை தோசை சாப்பிட வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்பில் நிற்க, அவள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு படம் பாக்கி, அதுதான் கைக்கு வரமாட்டேன் என்கிறது என்று புலம்பினாள். அது அந்தக் கடைசி இராவிருந்து ஓவியம். நீள மேசை, வெள்ளை விரிப்பு, பதின்மூன்று பேர். தன்னோடு சாப்பிடுகிறவர்களில் ஒருவனே தன்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறான் என்று நடுவில் இருக்கும் ஆண்டவர் சொல்லிவிட்டார். மற்ற பன்னிரண்டு பேரும் பதறிப்போய் இருக்கிறார்கள்.

"மாணவியாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு இதில் ஓர் எரிச்சல். பதின்மூன்று பேரும் மேசைக்கு ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த ஊரில் மனிதர்கள் இப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?"

"எங்கள் ஊரில்" என்றேன், தோசையைத் திருப்பிப் போட்டபடி.

அவள் நம்பவில்லை. என் நாத்தனார் மகன் கல்யாண வீடியோவைக் கைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்தேன். மண்டபம், வரிசையாக மேசை, மேலே உருட்டி விரித்த காகிதம், இலை. எல்லாரும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கம் காலி, அங்கே வாளியும் கரண்டியுமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எதிரிலும் ஆளை உட்காரவைத்தால் பரிமாறுகிறவன் தலைக்கு மேலே பறந்தா வருவான்? இது ஒரு கேள்வியா?

அவள் மேடையிலிருந்து குதித்து இறங்கினாள். "அப்படியென்றால் இந்த ஓவியத்தைப் பார்க்கிற ஒவ்வொருவனும் பரிமாறுகிறவனின் இடத்தில் நிற்கிறான்!"

"வேறு எங்கே நிற்பான்?"

"ஐரோப்பா முழுக்க இத்தனை காலமாக அதன் எதிரில் வந்து சும்மா நின்றுவிட்டுப் போயிருக்கிறது, கையில் வாளி இல்லாமல்!" என்று கத்தினாள். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

பிறகு ஓவியத்தைப் பெரிதாக்கி, காட்டிக் கொடுக்கப் போகிறவனின் கைக்கருகே உப்புக் குப்பி கவிழ்ந்திருப்பதைக் காட்டினாள். எங்கள் இலையில் முதலில் வைப்பதே உப்புத்தான், உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு என்றேன். அவள் பேனாவை எடுத்து அதைத் தன் முழங்கையில் ஸ்பானிய எழுத்தில் எழுதிக்கொண்டாள். காட்டிக் கொடுக்கிறவனை விட்டுவிடலாம், விருந்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். பதின்மூன்று தமிழர்கள், இலை, ஒரே பக்கம், எல்லாரையும் உலுக்கிப் போடுகிற ஒரு செய்தி. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"நடுவில் யார்?" என்று கேட்டேன், தெரியாதவள் போல.

"சோறு போடுகிறவள். நீங்கள்தான்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. இந்த ஊருக்கு வந்த நாள் முதல் பொங்கலோ, வளைகாப்போ, யாருடைய மகளுக்கோ அரங்கேற்றமோ, எது நடந்தாலும் என் கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிடுவார்கள். "நீங்க போட்டாத்தான் அளவா வரும்" என்று ஐஸ் வேறு வைப்பார்கள். எங்கள் ஆட்களின் விழாப் படங்களில் என்னைத் தேடிப் பாருங்கள். இலைமேல் நீட்டிய ஒரு வலது கையும் நாலு வளையலும் கிடைக்கும். முதல் பந்தியில் நான் உட்கார்ந்ததே இல்லை. கடைசிப் பந்தியில், பாயசம் தீர்ந்த பிறகு, அப்பளத் தூளோடு சாப்பிட்டே பழகிவிட்டது. நான் ஒன்றும் தியாகி இல்லை. பட்டுப்புடவை கசங்காமல், முதல் பந்தியில், நடுவில் உட்கார்ந்து, முகம் தெரிய ஒரு படம் எனக்கு வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். அதை அவளிடம் அப்படியே சொன்னேன். நெஞ்சில் கைவைத்து, நாற்காலி உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தாள்.

இரண்டு வீடு தள்ளி எனக்கு ஒரு தோழி உண்டு. மன்னாரிலிருந்து வந்தவள், ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவள். அவள் மனம் நோகக் கூடாது என்று முதலில் அவளிடம்தான் போய்க் கேட்டேன். கைவேலையை வைத்துவிட்டு யோசித்தாள்.

"ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது அக்கா. ஆண்டவரா ஒருத்தரும் இருக்கேலாது. காட்டிக் குடுத்தவனும் வேண்டாம். சும்மா பதின்மூண்டு சனம் சாப்பிடுற படமெண்டா எனக்குப் பிரச்சினையில்லை."

"அவ்ளோதான். வெறும் சாப்பாடு. நீங்களும் உக்காருங்க."

"ஐயோ, எனக்கு உது வேண்டாம். நான் பரிமாறுறன். நீங்கள் பேசாமல் இருந்து சாப்பிடுங்கோ."

அவளைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்காரர்தான் முறுக்கிக்கொண்டார். "நடுவுல நீ உக்காந்தா, அப்ப நான் யாரு?"

"நீங்க எனக்குப் பக்கத்துல. சீடர் மாதிரி."

"உனக்கு நான் சீடரா?"

ஆனாலும் ஆசை யாரை விட்டது. பழங்கால ஆள் மாதிரித் தெரிய வேண்டும் என்று அந்த வாரம் முழுவதும் சவரம் செய்யவில்லை. அலுவலகத்தில் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தாராம்.

தவறு எங்கே நடந்தது என்றால், செய்தி அனுப்பியதில். எங்கள் வாட்ஸ்அப் குழுவில், ஞாயிறு மதியம் பிளாட் புஷ் மண்டபத்தில் ஒரு கலைப் படம் எடுக்கிறோம், எங்கள் இருவரைத் தவிரப் பதினொரு பேர் வேண்டும், இலைச் சாப்பாடு உண்டு என்று எழுதினேன். நம் மக்கள் அதில் படித்தது கடைசி மூன்று சொற்களை மட்டும். பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். பதினொரு குடும்பங்கள் வந்தன. ஒருவர் மலேசியாவிலிருந்து வந்திருந்த சம்பந்தியையும் அழைத்து வந்திருந்தார்.

மனுரேவாவில் ஒருவர் வீட்டுக் கொல்லையிலிருந்து வாழையிலை வந்தது. அந்தத் தோட்டத்துக் காற்றில் பாதி இலை கிழிந்திருந்ததால், நல்ல இலையை நடுவிலும் கிழிசலை ஓரத்திலும் போட்டேன். ஸ்பெயின்காரி காலையிலேயே வந்து, பரிமாறும் பக்கத்தில் காமிராவை முக்காலியில் நிறுத்தி, தரையில் நாடா ஒட்டி, யார் எங்கே என்று முடிவு செய்திருந்தாள். நடுவுக்கு இடப்பக்கம் மூன்றாவது நாற்காலி, ஓவியத்தில் காட்டிக் கொடுக்கிறவனுடையது, அதில் உட்கார ஒருவரும் வரவில்லை. அப்படி ஓர் ஆளே இந்தப் படத்தில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "எதுக்குங்க வம்பு" என்று நழுவினார்கள். பிறகு அந்த நாற்காலிதான் சமையலறைக் கதவுக்கு நேர் எதிரே, வடை முதலில் வருவது அங்கேதான் என்று தெரிந்ததும் நான்கு பேர் அதற்குச் சண்டை போட்டார்கள்.

நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். ஸ்பெயின்காரி என் இடது தோளில் ஒரு நீலத் துப்பட்டாவைப் போட்டுவிட்டாள். நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் ஜன்னல் வெளிச்சம், முன்னால் பச்சை இலை. அந்தக் கணம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

காமிராவுக்குள் பார்த்த ஸ்பெயின்காரி தலையை வெளியே எடுத்தாள். "பின்னால் நிற்பவர்கள் யார்?"

திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஓர் ஆள், முதுகுச் சட்டத்தைப் பிடித்தபடி. மனைவிமார், மாமனார், அந்தச் சம்பந்தி, எல்லாரும். எந்தக் கல்யாணத்திலும் நம்மவர்கள் இப்படித்தான் இடம் பிடிப்பார்கள். சாப்பிடுகிறவனின் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு, அவன் ரசத்துக்கு வந்துவிட்டானா மோருக்கு வந்துவிட்டானா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, முன்பதிவு.

"இரண்டாம் பந்தி" என்றேன்.

"எப்போது போவார்கள்?"

"சாப்பிட்டதும்."

அவள் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்க வேண்டியதாக இல்லை. சரி, இருக்கட்டும், ஒரு பயங்கரமான செய்தியைக் கேட்ட முகம் எனக்கு வேண்டும் என்றாள். நான் தமிழில் சொன்னேன். உடனே பன்னிரண்டு பேரும் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் போல நிமிர்ந்து விறைத்தார்கள். பதறுங்கள் என்றாள். சிரித்தார்கள். உலகமே இடிந்துவிட்டதாக நினையுங்கள் என்றாள். என் வீட்டுக்காரர் நெஞ்சில் கைவைத்து வாயைத் திறந்தார், பல் மருத்துவரிடம் காட்டுவது மாதிரி. இருந்தும் அவள் நிறையப் படம் எடுத்தாள். பிறகு சோர்ந்துபோய், சரி, சாப்பிட ஆரம்பியுங்கள், சாப்பிடும்போதாவது முகம் இளகுகிறதா பார்க்கிறேன் என்றாள். என்னிடம் மட்டும், "நீங்கள் அசையக் கூடாது. கண்ணைத் தாழ்த்தி, அமைதியாக" என்றாள்.

அமைதியாக! மன்னார்த் தோழி சோற்றைப் போட்டாள். போட்ட கையோடு கறிகளையும் சுற்றி வைத்துவிட்டு, சாம்பாரையும் அதன் தலையில் ஊற்றிக்கொண்டே போனாள். அவர்கள் பக்கம் அப்படித்தான், ஒரேயடியாக எல்லாம் வந்துவிட வேண்டும். எங்கள் ஆட்களோ பருப்புக்கு நெய் எங்கே என்று விழித்தார்கள். நான் கண்ணைத் தாழ்த்தியபடி, உதடு அசையாமல், "நெய்... அந்தப் பக்கம் நெய்..." என்றேன். ஒரு கோடியில் அப்பளம் போகவே இல்லை. மறுகோடியில் ஒருவருக்கு இரண்டு வடை. பரிமாறத் தெரிந்தவளை உட்காரவைத்துப் பந்தியைப் பார்க்கச் சொல்வதைப் போல ஒரு சித்திரவதை கிடையாது. என் கால் மேசைக்கு அடியில் தானாகத் தாளம் போட்டது.

இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார்கள். தோழியின் கை தாராளமான கை, கரண்டியும் பெரியது. அவள் வலப்பக்கக் கோடிக்குப் போனபோது வாளி சாய்ந்த சாய்வைப் பார்த்தேன். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். கடைசி இலைக்காரர் சோற்றை மலை போலக் குவித்து, நடுவில் குழி தோண்டிக்கொண்டு காத்திருந்தார். பின்னால் இரண்டாம் பந்தி முழுதும் நின்றுகொண்டிருந்தது.

எழுந்துவிட்டேன். எழக் கூடாது என்று தெரிந்தும் எழுந்துவிட்டேன். துப்பட்டாவை உருவி நாற்காலியில் எறிந்து, முந்தானையை இடுப்பில் செருகி, மேசையைச் சுற்றி ஓடி, தோழி கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு நேராக நடுவில் வந்து நின்று உள்ளே பார்த்தேன். ஒரு முருங்கைக்காய்த் துண்டு படுத்திருந்தது.

"சாம்பார் முடிஞ்சிருச்சு" என்றேன்.

அந்த முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் இரண்டு கையையும் விரித்தார். ஒருவர் எழுந்து, பக்கத்தில் இருந்தவர் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்து, உனக்குத்தான் ரெண்டு தடவ ஊத்துனாங்க என்று தொடங்கினார்கள். மூன்றாவது நாற்காலிக்காரர் பின்னுக்குச் சாய்ந்ததில் கை பட்டு உப்புக் கிண்ணம் கவிழ்ந்தது. என் வீட்டுக்காரர் நெஞ்சில் கைவைத்திருந்தார், இந்த முறை நிஜமாக. இரண்டாம் பந்தி முழுவதும் வாயில் கைவைத்து நின்றது. முதுகுக்குப் பின்னால் காமிரா விடாமல் சொடுக்கிக்கொண்டிருந்ததும், ஸ்பெயின்காரி ஏதோ வேண்டிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தன. அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை. ரசத்தை எடுத்துவர ஓடினேன்.

அதற்குப் பிறகு இரண்டாம் பந்தி உட்கார்ந்தது, மூன்றாம் பந்தியும் உட்கார்ந்தது. ஸ்பெயின்காரி மூன்றாவதில் உட்கார்ந்து, எல்லாரையும் பார்த்து இலையைத் தன் பக்கம் மடித்து, பெருமையாக எழுந்தாள். மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. சமையலறைத் தொட்டியில் கரண்டிகளைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இன்னும் சாப்பிடவில்லை. நடு நாற்காலியில் நான் இருந்த படம் எல்லாமே அந்த விறைத்த படங்கள். நல்ல படம் ஒன்று இருக்குமானால் அதில் நான் இல்லை. ஆண்டாண்டு காலமாக ஆசைப்பட்ட நாற்காலியை ஒரு வாளிக்காக விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். யாரும் என்னை எழச் சொல்லவில்லை, நானேதான். அந்த ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

தோழி பதறிப்போனாள். "என்னக்கா, சாம்பாருக்கே அழுறியள்? நான்தான் கூட ஊத்திப்போட்டன்."

"சாம்பாருக்கு இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

சில நாள் கழித்து ஸ்பெயின்காரி மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். இரண்டு படங்களைத் தேர்ந்து வைத்திருப்பதாகவும், எது கண்காட்சிக்குப் போகும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். வாக்கு வாக்குத்தான், நாற்காலி உங்களுடையது, என் விருப்பத்தை நான் சொல்ல மாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். அது எதுவென்று அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

முதல் படத்தில் நான் நடுவில். அரக்குப் பட்டு, நீலத் துப்பட்டா, கசங்கல் இல்லை. முகம் நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்காரர், "இதுதான், இதேதான், என் முகம் இதுல எடுப்பா இருக்கு" என்றார். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் கவனித்தேன். பன்னிரண்டு பேரும் காமிராவைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அப்பளத் தட்டை. உட்கார்ந்திருப்பது என் பட்டுப்புடவை மட்டும்தான், நான் எப்போதோ எழுந்து போய்விட்டேன். ஒருவரும் என்னைப் பார்க்கவும் இல்லை.

இரண்டாவது படத்தைத் திறந்தாள். நடு நாற்காலி காலி. அதன் மேல் நீலத் துப்பட்டா கிடக்கிறது. அதற்கு முன்னால், படத்தின் நட்ட நடுவில், என் முதுகு. செருகிய முந்தானை, நழுவித் தொங்கும் பூச்சரம், கையில் வாளி. இருபுறமும் பன்னிரண்டு பேர், பின்னால் நிற்கும் கூட்டம், எட்டிப் பார்க்கும் சம்பந்தி வரை, அத்தனை கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கின்றன.

"என்னம்மா, முதுகைப் போய்ப் பாத்துட்டு இருக்க?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் முகத்தைப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்றுகூட இந்த மனிதர் என்னை இவ்வளவு உருக்கமாகப் பார்த்ததில்லை.

"இது" என்று விரலை வைத்தேன். ஸ்பெயின்காரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்ததில் காப்பி கவிழ்ந்தது.

கண்காட்சியில் அந்தப் படம் ஒரு சுவர் முழுக்க இருந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த மக்களுக்கு அப்படி என்ன துயரம் என்று மெதுவாக விசாரித்தார். தோழி முந்திக்கொண்டு, அது எங்கட சனத்தின்ட பெரிய கதை என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நான் ஓரமாக ஒதுங்கிப் படத்தைக் கைபேசியில் எடுத்து, விருதுநகரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். ஒரு விளக்கமும் எழுதவில்லை. உடனே கூப்பிட்டாள்.

"என்னக்கா, சாம்பார் தீந்துருச்சா?"

"ஆமா."

"அதான பாத்தேன். மாமா இருக்காரு. என்னக்கா தாடி? அந்த எட்டிப் பாக்குறவரு யாரு? சரி, நீ எங்க இருக்க? எவ்ளோ பெருசாக்கிப் பாத்தாலும் உன் மூஞ்சியக் காணோமே."

"எல்லாரும் யாரப் பாத்துட்டு இருக்காங்கன்னு பாருடி" என்றேன். "அவதான் நான்."